பூரண சுகம் என்று மைக்கில் சொன்ன பிறகு

பெரியவர்கள் போடும் டயப்பரை எங்கள் ஏரியாவில் நான் வாங்கியதே இல்லை. இரும்புலியூரில் எங்கள் தெருமுனையிலேயே மருந்துக் கடை இருக்கிறது. ஆனால் கடைக்காரர் எங்கள் சபைக்கு வருகிறவர். அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை வரைக்கும் போவேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும், கடைக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்னால் "மாமியாருக்கு" என்று சொல்லிவிடுவேன். எனக்கு மாமியார் கிடையாது. என் கல்யாணத்துக்கு முன்பே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். செத்துப்போன மனுஷி பேரைச் சொல்லி டயப்பர் வாங்கிய ஆள் நான்.

இதை எழுதும்போதும் கூசுகிறது. சிகிச்சை முடிந்த பிறகு என்ன ஆகும் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் நான் படித்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைக்கும் எழுதுகிறார்கள். உள்ளே நடப்பதைக்கூட எழுதுகிறார்கள். வெளியே வந்த பிறகு மனுஷன் எப்படிச் சாப்பிடுகிறான், எப்படிக் கழிக்கிறான் என்று எவனும் எழுதுவதில்லை. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் எனக்கு வேலை. கேட், மாடிப்படிக் கைப்பிடி, பால்கனிக் கம்பி எல்லாம் செய்வோம். நாவலூர் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் நாங்கள் போய்ப் பொருத்திய கம்பிகள் நிறைய. மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து தின்றேன். அது மலக்குடலில் புற்றுநோய். ரேடியேஷன் கொடுத்தார்கள். வெட்டி எடுத்தார்கள். வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். கழிவது எல்லாம் அந்தப் பையில் வந்து விழும். பிறகு கீமோ. கடைசியில் இன்னொரு ஆபரேஷன் செய்து ஓட்டையை மூடிப் பையை எடுத்தார்கள்.

சிகிச்சை நடந்த காலத்தில் என்னை நிம்மதியாக விடவில்லை. ஒரு நாள் போகாவிட்டால் போன் வரும். ரத்தம் எடு, ஸ்கேன் எடு, எடை பார், சாப்பிட்டாயா, வாந்தி எடுத்தாயா. திட்டிக்கொண்டே போய் வந்தேன். பிறகு ஒரு நாள், "ட்ரீட்மென்ட் முடிஞ்சுதுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி ஃபைலைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது சந்தோஷமாக இல்லை. நடுரோட்டில் இறக்கிவிட்டுப் பஸ் போன மாதிரி இருந்தது. இதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பிழைத்து வந்தவன் சந்தோஷமாக இல்லை என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

என் மனைவி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். நான் பிழைத்தால் சபையில் சாட்சி சொல்ல வைக்கிறேன் என்று அவள் ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தாள். எங்கள் சபையில் அது வழக்கம். வேலை கிடைத்தாலும், குழந்தை பிறந்தாலும், நோய் தீர்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது ஒரு தைரியம். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு என் வாயில். நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. சிகிச்சை முடிந்தது, ஜெபித்த எல்லாருக்கும் நன்றி என்று இரண்டு வரி சொல்லிவிட்டு உட்காரத்தான் நினைத்திருந்தேன். முதல் வரிக்கே அல்லேலூயா எழும்பியது. அடுத்த வரிக்குக் கைதட்டினார்கள். வாழ்நாளில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. வெல்டிங் அடிக்கிறவனுக்கு யார் தட்டுவார்கள்? அந்தச் சூட்டில் என் வாயிலிருந்து வந்தது இது: "ஆண்டவர் எனக்குப் பூரண சுகம் குடுத்துட்டாரு. இனிமே எனக்கு ஆஸ்பத்திரியே வேணாம்."

சபையே எழுந்து நின்றது. யாரோ அதை வீடியோ எடுத்து சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அங்கிருந்து என் யூனிட் ஆட்களுக்கும் வந்துவிட்டது. பாஸ்டர் மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவரே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். கூட்டம் முடிந்ததும் என் தோளைப் பிடித்து, டாக்டர் சொன்ன தேதிக்குத் தவறாமல் போங்கள் பிரதர் என்றுதான் சொன்னார். எனக்கு யாரும் கதவைச் சாத்தவில்லை. நானே சாத்திக்கொண்டேன்.

அந்தத் தேதி வந்தது. காலையில் ஃபைலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. எதிரில் இருந்த டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மைக்கில் அப்படிச் சொல்லிவிட்டு இப்போது உள்ளே போனால் ஆண்டவர் முன்னால் என்ன அர்த்தம் என்று ஒரு எண்ணம். உள்ளே போனால் மறுபடியும் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்று இன்னொரு எண்ணம். இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், டாக்டர் பார்த்தார், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவள் அப்படியே தரையில் மண்டியிட்டாள். நான் கை கழுவப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

இதற்கு நடுவில் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. பையை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. சாப்பிட்டால் ஓட வேண்டும். போய் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் ஓட வேண்டும். வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் அவகாசமே இல்லை. காற்றுதான் என்று நினைத்தால் காற்றாக இருக்காது. யூனிட்டில் கக்கூஸ் சந்தின் கடைசியில் இருக்கிறது, பக்கத்து யூனிட்காரர்களும் அதற்குத்தான் வருவார்கள். கதவு மூடியிருந்தால் நான் காலி. பகலில் சாப்பிடுவதை நிறுத்தினேன். டீயும் குடிப்பதில்லை. கூட வேலை செய்கிறவன் ஒருத்தன், "அண்ணாத்த உள்ள போனா ஒரு கேட்டு வெல்டு பண்ணி முடிச்சிட்லாம்டா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவனை அடிக்கக் கை துடிக்கும்.

பைபாஸில் எந்த பெட்ரோல் பங்கில் கக்கூஸைப் பூட்டி வைக்கிறார்கள், தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் எந்த நேரம் கூட்டம் குறைவு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. ஐம்பது வயசுக்கு மேல் ஊரை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசையாக முன்னால் போக வேண்டும். எனக்கு முன்னால் இன்னும் சிலர்தான் இருந்தார்கள். அப்போது வந்துவிட்டது. டயப்பர் போட்டிருந்தேன். போட்டிருந்தாலும் நாற்றத்தை அது தடுக்காது. நான் வரிசையை விட்டுத் திரும்பி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தேன்.

எங்கள் சபையில் திருவிருந்து வரிசையிலிருந்து ஒருத்தன் பாதியில் விலகிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மனதில் அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறது. அந்த வாரமே சபையின் மூப்பர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். என் கையைப் பிடித்துக்கொண்டு, மனதில் ஏதாவது பாரம் இருந்தால் இறக்கி வைத்துவிடுங்கள் என்றார். பழைய பழக்கம் ஏதாவது திரும்ப வந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார். குடியைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. ஒரு காலத்தில் குடித்தவன்தான்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்தேன். அவர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு ஜெபித்துவிட்டுப் போனார். உள்ளே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவிக்கு அது காதில் விழவில்லை. குடிகாரன் என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேண்ட்டிலேயே போகிறவன் என்று தெரிவதற்கு அது எவ்வளவோ மேல்.

பிறகு ஒரு காலையில் ரத்தம் பார்த்தேன். முதல் தடவை வந்த அதே சிவப்பு. அன்றைக்கு வேலையில் கிரைண்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை. முதலாளி பார்த்துவிட்டு ஸ்டோருக்குப் போய் உட்காரச் சொன்னார். அங்கே இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தேன். செத்துப்போனால் சபையில் என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன். என் பெண்சாதியைப் பற்றி அடுத்ததாகத்தான் யோசித்தேன். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

மறுநாள் நாவலூரில் சைட் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. அது பெரிசு, மேலே ஆஸ்பத்திரி பேர் அச்சடித்திருக்கும். அதனால் பைபிள் பையில் வைத்தேன். சபை ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் கொடுத்த பை அது. மெரூன் கலர், ஜிப் வைத்தது, மேலே தங்க எழுத்தில் வசனம். பைபிளை எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் ஃபைலை மடித்துத் திணித்தேன். தெருவில் பார்க்கிறவர்கள் ஜெபத்துக்குப் போகிறான் என்று நினைப்பார்கள்.

ஓ.பி.யில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, கக்கூஸுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ப் பெஞ்சில் ஒரு அம்மா. முந்தானையால் தலையை மூடியிருந்தார். அவரும் முகக்கவசம். அவர் மடியில் மெரூன் கலரில் ஜிப் வைத்த பை. தங்க எழுத்து. பாதி திறந்த ஜிப் வழியாக ஆஸ்பத்திரி ஃபைலின் மூலை எட்டிப் பார்த்தது.

அவர் என் பையைப் பார்த்தார். நான் அவர் பையைப் பார்த்தேன். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எங்கள் சபையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்து, எனக்கு முந்தின வருஷம் அதே மைக்கைப் பிடித்துப் பூரண சுகம் என்று சொன்னவர். அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்தில் முதல் வரிசை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குள் ஒரு கெட்ட புத்தி. மாட்டிக்கொண்டது நான் மட்டும் இல்லை என்று ஒரு சந்தோஷம்.

"இன்னா டீச்சர், நீங்க பூரண சுகமாச்சே" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"நீங்களும்தான் பிரதர்" என்றார். "உங்க சாட்சிக்கு நான்தான் ரொம்ப சத்தமா அல்லேலூயா சொன்னேன்."

அவர் முழுக்கை ஜாக்கெட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிக் காட்டினார். உள்ளே இறுக்கமாக ஒரு உறை போட்டிருந்தார், முழங்கைக்கு மேலேயும் போயிற்று. அக்குளில் கட்டிகளை எடுத்ததால் கையில் நீர் கட்டிக்கொள்கிறதாம். சாட்சி சொன்ன பிறகு அவரும் செக்கப்புக்கு வரவில்லை. கை தொடைமாதிரி வீங்கி, கரும்பலகையில் எழுத முடியாமல் போனதும்தான் வந்தாராம். இப்போது பிசியோதெரபி செய்கிறார்கள், உறை கொடுத்திருக்கிறார்கள், குறைந்திருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் முழுக்கை ஜாக்கெட்டைக் குளிருக்குப் போடுகிறேன் என்று சொல்கிறாராம். தாம்பரத்தில் என்ன குளிர்?

எனக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுப் பையின் ஜிப்பை மூடினார், திறந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு திருவிருந்துல நீங்க வெளிய போனீங்களே. எனக்கு அப்பவே புரிஞ்சுது. எங்க அண்ணனுக்கும் இதே ஆபரேஷன்."

என் காது சூடானது. "தெரிஞ்சிகினு சும்மா கீறீங்களா? எல்லாரும் என்னைக் குடிகாரன்னு பேசறாங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்" என்றார். "கேட்டா நீங்க திருப்பி என் கையைப் பத்தி கேப்பீங்க. அதான் கேக்கல."

நான் கோபப்பட வேண்டிய இடம் அது. முடியவில்லை. அவர் கை வீங்கியிருப்பதை நானும் பார்த்திருந்தேன். நானும் கேட்கவில்லை.

பை சிஸ்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். வயிற்றில் பை வைத்தவர்களுக்குப் பையை எப்படி மாற்றுவது, புண் ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுக்கும் நர்ஸ் ஒருவர் அங்கே உண்டு. நோயாளிகள் வைத்த பேர் பை சிஸ்டர். எனக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பைதான் போய்விட்டதே, இனி அவரிடம் எனக்கு என்ன வேலை என்று நான் நினைத்திருந்தேன். பை எடுத்த பிறகுதான் அவரிடம் அதிக வேலை என்று டீச்சர் சொன்னார். அவர் அண்ணன் அங்கே போய்த்தான் தேறினாராம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஃபைலைப் புரட்டிவிட்டு, ஏன் வரவில்லை என்றார். வேலை என்றேன். என் முகத்தைப் பார்த்தார், நம்பவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். ரத்தம் எடுக்கச் சொன்னார். உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் குறித்தார். மயக்கம் கொடுப்பதால் கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும், ஆள் இல்லாமல் செய்ய மாட்டோம் என்றார்.

வெளியே வந்து டீச்சரைத் தேடிப் பிடித்தேன். மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். அன்றைக்கு நீங்கள் எனக்குக் கூட வர முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. பெண்சாதி இருக்கும்போது வேறு ஒரு வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறேன்.

"வரமாட்டேன் பிரதர்" என்றார். "உங்க ஒய்ஃப் பக்கத்துலதான் நான் ஜெபக் கூட்டத்துல உக்காருறேன். இதையும் மறைச்சிட்டு என்னால உக்கார முடியாது. அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே, எனக்கு உடம்பு சரியில்லை, கட்டுப்பாடு இல்லாமல் போகிறது என்று ஆரம்பித்தேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"உன் துணிய யாருய்யா தோய்க்கறது?" என்றாள். "இப்பதான் சொல்ல வந்துட்டான். நீயா சொல்லுவேன்னு நானும் பாத்துகினே கீறேன்."

உட்கார்ந்தேன். ரத்தம் வந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னேன். ஊசி அப்படியே நின்றது.

"டாக்டரு இனிமே வரவேணான்னாருன்னு சொன்னியே."

"அப்டி அவரு சொல்லல."

"பின்ன?"

"நான்தான் சொன்னேன். அன்னிக்கி நான் உள்ளவே போவல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ரொம்ப மெதுவாகப் பேசினாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது குறைவு.

"நான் லேடீஸ் மீட்டிங்ல எந்திரிச்சி சொன்னேனேய்யா. டாக்டரே ஆச்சரியப்பட்டு அனுப்ச்சிட்டாருன்னு. அழுதுகினே சொன்னேன். உன் பொய்ய என் வாயால சொல்ல வச்சிட்டியே."

அது எனக்குத் தெரியாது. அவள் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொன்னாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் டீக்கடையில் நின்று யோசித்து உண்டாக்கிய பொய்யை, அவள் உண்மையென்று நம்பி, கண்ணீரோடு ஆண்டவர் பேரில் சொல்லியிருக்கிறாள். டயப்பர் போட்டுக்கொண்டு நடந்த எந்த நாளும் எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்ததில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் எனக்குச் சோறு போட்டாள். கூடச் சாப்பிட உட்காரவில்லை.

கேமரா விடுவதற்கு முந்தின நாள் வயிற்றைச் சுத்தம் செய்ய மருந்து குடிக்க வேண்டும். மற்ற மனுஷர்களுக்கே அது பேஜார். என் கதையை நினைத்துப் பாருங்கள். அவள் வாளியும் துணியும் தண்ணீருமாகக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கூட வந்தவர் என்று அவள்தான் கையெழுத்துப் போட்டாள். எனக்கு மயக்கம் தெளிந்ததும் டாக்டர் வந்தார். நோய் திரும்ப வரவில்லை என்றார். ரேடியேஷன் கொடுத்த இடம் புண்ணாகி அதிலிருந்து ரத்தம் கசிகிறது, அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் இனிமேல் தேதி தவறக் கூடாது என்றார். மனைவி சுவரில் தலையைச் சாய்த்து மூச்சு விட்டாள்.

என் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? அப்போ நான் மைக்கில் சொன்னது பொய் இல்லை என்று வந்தது. அவ்வளவு பட்டும், படுத்திருந்த கட்டிலிலேயே, என் பேர் தப்பித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் நின்றவள் என் உயிர் தப்பித்தது என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

பை சிஸ்டரின் அறை கீழ்த்தளத்தில். இரண்டு நாள் கழித்து நாங்கள் போனபோது வேறு இரண்டு நோயாளிகளும் அவர்கள் வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பை எடுத்ததும் வாங்கன்னு அப்பவே சொன்னேனே அண்ணா, இவ்ளோ நாளா எங்க போனீங்க?" என்றார். சொல்லியிருக்கிறார். பை போகிற அவசரத்தில் என் காதில் ஏறவில்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் எழுதவில்லை என்று நான் ஊரைத் திட்டிக்கொண்டு திரிந்த மாதங்களெல்லாம் அந்த அறை அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நான் வாய் திறப்பதற்குள் மனைவி கேட்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவது சரி, சாம்பார் ஊற்றலாமா, புண்ணுக்கு என்ன தடவுவது, ராத்திரி படுக்கையில் போய்விட்டால் என்ன செய்வது. கடைத்தெருவில் பேரம் பேசுகிற குரலில் கேட்டாள். அறையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். நான் தரையில் இருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆசனவாய்ச் சதையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்தார். பட்டினி கிடந்தால் இது அதிகமாகும், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றார். ஓடுவதை நிறுத்தும் மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். மாதத்தில் ஒரு நாள் பழைய நோயாளிகள் அங்கே கூடிப் பேசுவார்கள், வாருங்கள் என்றார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மனைவியிடம், "நீங்க கேட்டதத்தான்மா நானும் கேக்க வந்தேன்" என்றார்.

திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள், வருகிற லேடீஸ் மீட்டிங்கில் எழுந்து சொல்லப்போகிறேன் என்று.

"இன்னான்னு சொல்வ?"

"டாக்டரு அப்டி சொல்லல. என் ஊட்டுக்காரரு செக்கப்புக்கு போய்கினு கீறாரு. அவ்ளோதான்."

"என் மானம் பூடும்மே."

"போவட்டும்" என்றாள்.

சொன்னாள். என்ன வார்த்தையில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் அங்கே போவதில்லை, நான் கேட்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தலையை நிமிர்த்தவில்லை. குடியைப் பற்றிக் கேட்ட மூப்பர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை விடுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

இப்போது முன்னைவிடப் பரவாயில்லை. பகலில் சாப்பிடுகிறேன். பயிற்சி செய்கிறேன், வெல்டிங் அடிக்கும்போதுகூட ஒருவருக்கும் தெரியாமல் செய்யலாம். மாதக் கூட்டத்துக்குப் போகிறேன். இன்னும் பேசியதில்லை. ஆஸ்பத்திரித் தேதி வந்தால் பயந்துகொண்டேதான் போகிறேன். குரோம்பேட்டைக்குப் போவதையும் இன்னும் நிறுத்தவில்லை. அதையும் மறைக்க மாட்டேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் நான் கக்கூஸில் இருந்தேன். எங்கள் வீடு சின்னது. ஹாலில் பேசினால் உள்ளே கேட்கும். சபைப் பெண் ஒருவர் வந்திருந்தார். அவர் புருஷனுக்குக் குடலில் ஆபரேஷன், பை வைக்கப் போகிறார்களாம். பயத்தில் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்கிறாராம். குரல் உடைந்து உடைந்து வந்தது. என் மனைவி அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். என் பை, என் துணி, என் ஓட்டம், ஒன்று விடவில்லை. நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா போன பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை.

கதவு தட்டப்பட்டது. "வெளிய வாய்யா. இவங்களோட ஊட்டுக்காரரு போன்ல கீறாரு. உன்னாண்டதான் கேப்பாராம்."

"இரு, வரேன்" என்றேன்.

வாளியைத் தூக்கித் தண்ணீரை ஊற்றினேன். சத்தம் ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். முகம் எரிந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்தபடி போனை நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன்.